தொடை இடுக்கில் ஒரு புடைப்பு: கவட்டையின் உடற்கூறும் குடலிறக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடலிறக்கம் என்றால் குடல் தன் இடத்தைவிட்டு இறங்கிவிட்டது என்று பொருளா?

பெயர் அப்படி எண்ண வைக்கிறது. உண்மையில் குடலில் குறை எதுவும் இல்லை, குறை வயிற்றுச் சுவரில். சுவரில் ஓர் ஓட்டையோ தளர்ந்த இடமோ இருக்கும். வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் பெரிடோனியம் என்ற மெல்லிய சவ்வு அதன் வழியே ஒரு பை போலப் பிதுங்கும். அந்தப் பைக்குள் குடல் வரலாம், குடலின் மேல் தொங்கும் கொழுப்புத் திரை வரலாம், சில நேரம் பை காலியாகவே இருக்கும். ஹெர்னியா என்பதும் பேச்சில் ஹிரண்யா என்பதும் இதைத்தான்.

பை ஓட்டையைக் கடக்கும் குறுகிய பகுதிக்குக் கழுத்து என்று பெயர். புடைப்பு எவ்வளவு பெரியது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் ஆபத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கழுத்தின் இறுக்கம்தான். விரைப்பை வரை இறங்கிய பெரிய குடலிறக்கத்தோடு பல வருடம் நடமாடுகிறவர்கள் உண்டு. சுண்டைக்காய் அளவுப் புடைப்போடு வந்து அன்றிரவே அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும் உண்டு.

கவட்டை என்று சரியாக எந்த இடத்தைச் சொல்கிறோம்?

அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்பை. எல்லைகளை விரலால் தொட்டே கண்டுபிடிக்கலாம். இடுப்பில் கை வைத்தால் முன்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனை ஒன்று தட்டுப்படும். இன்னொரு முனை கீழே, பிறப்புறுப்புக்குச் சற்று மேலே, நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய இரண்டு விரல் தள்ளி, பூப்பெலும்பின் மேல் இருக்கும் சிறு முடிச்சு. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய கயிறு போல ஓடுவது கவட்டைப் பிணைநார். இது தனியாக முளைத்த நார் அல்ல. வயிற்றின் வெளிச்சாய்வுத் தசையின் தகடு தன் கீழ் ஓரத்தில் உள்ளே மடிந்துகொள்கிறது, அந்த மடிப்புதான் இது.

பிணைநாருக்கு மேலே வயிறு, கீழே தொடை. கவட்டைக் குடலிறக்கம் இதற்கு மேலே கிளம்பும், தொடைக் குடலிறக்கம் கீழே கிளம்பும். இரண்டையும் பிரித்தறிய அந்தப் பூப்பெலும்பு முடிச்சே அடையாளக் கல். முதல் வகையின் கழுத்து முடிச்சுக்கு மேலும் உள்பக்கமும் இருக்கும். இரண்டாவதன் கழுத்து முடிச்சுக்குக் கீழும் வெளிப்பக்கமும் இருக்கும்.

வயிற்றில் இவ்வளவு தசை இருக்க, அந்த இடம் மட்டும் ஏன் பலவீனம்?

வயிற்றின் பக்கச் சுவரில் மூன்று தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன: வெளிச்சாய்வுத் தசை, உட்சாய்வுத் தசை, குறுக்குத் தசை. கவட்டைக்கு வரும்போது உள்ளே இருக்கும் இரண்டும் பிணைநாரின் உள்பகுதியைத் தொடாமல் அதற்கு மேலே வளைவு போட்டுக்கொண்டு உள்பக்கம் போய்விடுகின்றன. அந்த வளைவுக்கும் கீழே உள்ள இடுப்பெலும்புக்கும் இடையில் ஓர் இடைவெளி நிற்கிறது. உள்ளிருந்து பார்த்தால் அதை மூடியிருப்பது டிரான்ஸ்வெர்சாலிஸ் ஃபேசியா என்ற ஒற்றைச் சவ்வு மட்டுமே. 1956-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃப்ரூஷோ இந்த இடைவெளி முழுவதையும் ஒரே வாசலாகப் பார்க்கச் சொன்னார். கவட்டைப் பிணைநார் அந்த வாசலைக் குறுக்கே இரண்டாகப் பிரிக்கிறது. மேல் பாதி வழியே விந்து நாண், அதாவது விரைக்குப் போகும் குழாய்களின் கட்டு, வெளியேறுகிறது, கீழ் பாதி வழியே தொடைக்கான ரத்தக் குழாய்கள் இறங்குகின்றன. கவட்டையில் வரும் எல்லாக் குடலிறக்கமும் இந்த ஒரே வாசலின் ஏதோ ஒரு மூலையில்தான் கிளம்புகிறது. அறுவையில் ஓட்டையை வலையால் மூடும் முறைகளைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் வரும்.

கவட்டைக் கால்வாய் என்பது என்ன? அதற்குள் என்ன இருக்கிறது?

பெரியவர்களில் சுமார் 4 செ.மீ. நீளமுள்ள சாய்வான சுரங்கம். பிணைநாரின் உள்பாதிக்குச் சற்று மேலே, அதை ஒட்டியே, வெளியிலிருந்து உள்நோக்கிக் கீழே சாய்ந்து போகிறது. உள்வாயிலுக்கு உள்வளையம் என்று பெயர். அது டிரான்ஸ்வெர்சாலிஸ் ஃபேசியாவில் இருக்கிறது, பிணைநாரின் சரிபாதிப் புள்ளிக்கு ஏறக்குறைய 1.25 செ.மீ. மேலே. வெளிவாயிலான வெளிவளையம், வெளிச்சாய்வுத் தசைத் தகட்டில் முக்கோண வடிவில், பூப்பெலும்பு முடிச்சுக்குப் பக்கத்தில்.

முன்சுவர் வெளிச்சாய்வுத் தசையின் தகடு. தரை பிணைநார். கூரை உள் தசைகள் இரண்டும் போடும் வளைவு. பின்சுவர்தான் நோஞ்சான்: பெரும்பகுதி அந்த ஒற்றைச் சவ்வு, உள்முனையில் மட்டும் தசைநார் சேர்ந்து கொஞ்சம் வலுக் கொடுக்கிறது. ஆண்களில் விந்து நாண் இதற்குள் ஓடுகிறது. விந்துக் குழாய், விரைக்கான தமனி, சிரைப் பின்னல், நரம்புகள் எல்லாம் அதில் அடக்கம். பெண்களில் கருப்பையிலிருந்து வரும் உருண்டைப் பிணைநார் மட்டும். இருபாலருக்கும் பொதுவாக இலியோஇன்குவினல் நரம்பு கால்வாயின் ஒரு பகுதியில் வந்து சேரும். கவட்டைப் புடைப்பு உள்ளவர்களுக்கு விரைப்பை மேல்பகுதியிலும் தொடையின் உள்பக்கத்திலும் இழுப்பது போலத் தோன்றுவதற்கு இந்த நரம்பு ஒரு காரணம்.

மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று. பிணைநாரின் நடுப்புள்ளி வேறு, நடுக்கவட்டைப் புள்ளி வேறு. முன்னது எலும்பு முனைக்கும் பூப்பெலும்பு முடிச்சுக்கும் நடு. அதற்கு மேலே உள்வளையம். பின்னது எலும்பு முனைக்கும் இரு பூப்பெலும்புகள் சேரும் நடுக்கோட்டுக்கும் நடு. அங்கே தொடைத் தமனியின் துடிப்பு. இரண்டுக்கும் இடைவெளி ஒரு விரல்கூட இருக்காது, ஆனால் தவறான புள்ளியில் அழுத்திச் சோதித்தால் சோதனையே பொய்யாகிவிடும்.

ஓட்டை எல்லோருக்கும் இருக்கிறதே, எல்லோருக்கும் ஏன் வருவதில்லை?

உடல் அதற்கு ஒரு கதவு வைத்திருக்கிறது. இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றுத் தசைகள் இறுகுகின்றன. அப்போது கூரையாக இருக்கும் வளைவு நேராகிக் கீழே இறங்கிப் பிணைநாரை நெருங்கும், கடைக்குச் ஷட்டர் இழுத்து விடுவது போல. அதே நொடியில் உள்வளையத்தின் ஓரங்கள் மேல்பக்கமும் வெளிப்பக்கமுமாக இழுபட்டு நெருங்கிக்கொள்ளும். சுரங்கம் சாய்வாக இருப்பதும் உதவி. உள்ளிருந்து வரும் அழுத்தம் பின்சுவரை முன்சுவரோடு அமுக்கிவிடுகிறது. வளைவு உயரமாக அமைந்தவர்களுக்கும், தசை தளர்ந்தவர்களுக்கும், அங்கே போகும் நரம்பு வேறு ஏதோ அறுவையில் அடிபட்டவர்களுக்கும் இந்த ஷட்டர் முழுவதாக இறங்குவதில்லை.

பிறவியிலேயே வருவது எப்படி?

கருவில் ஆண் குழந்தையின் விரைகள் முதுகுப்பக்கம், சிறுநீரகங்களுக்கு அருகில் உருவாகின்றன. பிறகு மெல்ல இறங்கி, ஏழாம் மாதவாக்கில் கவட்டைக் கால்வாயைக் கடந்து விரைப்பைக்குப் போகின்றன. அவற்றுக்கு முன்னாலேயே பெரிடோனியத்தின் ஒரு விரல் போன்ற நீட்சி அந்த வழியில் இறங்கியிருக்கும். விரை போய்ச் சேர்ந்ததும் இந்த நீட்சி ஒட்டி மூடிக்கொள்ள வேண்டும். முழுதும் திறந்தே நின்றால் குடல் இறங்க ஆயத்தமான பை அது. மிகக் குறுகலாகத் திறந்திருந்தால் நீர் மட்டும் கசிந்து இறங்கி விரையைச் சுற்றித் தேங்கும். குழந்தைகளின் விரைவீக்கம், அதாவது ஹைட்ரோசீல், பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஒரே வழியின் இரு அளவுகள் இவை.

வலது விரை தாமதமாக இறங்குவதால் வலப்பக்க வழியும் தாமதமாகவே மூடும். வலப்பக்கக் குடலிறக்கம் அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். குறைமாதக் குழந்தைகளுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல், வழி மூடும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். வழி திறந்திருந்தும் வாழ்நாள் முழுதும் குடலிறக்கம் வராதவர்களும் பெரியவர்களில் இருக்கிறார்கள்.

டைரக்ட், இன்டைரக்ட் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறதே, வித்தியாசம் என்ன?

புறப்படும் இடம். கவட்டையின் பின்சுவரில் கீழ் எபிகேஸ்ட்ரிக் ரத்தக் குழாய்கள் மேல்நோக்கி ஓடுகின்றன. அவைதான் எல்லைக்கோடு. அந்தக் கோட்டுக்கு வெளிப்பக்கம், உள்வளையத்தின் வழியாக நுழைந்து சுரங்கத்தின் முழு நீளமும் பயணித்து வருவது இன்டைரக்ட். கோட்டுக்கு உள்பக்கம், பின்சுவரையே நேராகத் தள்ளிக்கொண்டு வருவது டைரக்ட். டைரக்ட் வரும் இடத்துக்கு ஹெசல்பாக் முக்கோணம் என்று பெயர். நடுவயிற்று நேர்தசையின் வெளி ஓரம், அந்த ரத்தக் குழாய்கள், கவட்டைப் பிணைநார், இம்மூன்றும் அதன் பக்கங்கள்.

இன்டைரக்ட் எந்த வயதிலும் வரும், விந்து நாணின் உறைக்குள்ளேயே போவதால் விரைப்பை வரை இறங்கும், கழுத்து குறுகல். டைரக்ட் பெரும்பாலும் நடுவயதுக்குப் பின் ஆண்களுக்கு, சில நேரம் இரு பக்கமும். வாய் அகலம், படுத்தவுடன் தானே மறையும், சிக்கிக்கொள்வது குறைவு. இரண்டும் ஒரே பக்கத்தில் சேர்ந்து வந்து, ரத்தக் குழாயின் இருபுறமும் கால்சட்டை போலத் தொங்குவதும் உண்டு.

தொடைக் குடலிறக்கத்தை ஏன் தனியாக எச்சரிக்கிறார்கள்?

பிணைநாருக்குக் கீழே, தொடையில், வெளியிலிருந்து உள்நோக்கிப் போனால் நரம்பு, தமனி, சிரை என்ற வரிசை. சிரைக்கு உள்பக்கம் ஒரு காலியிடம் உண்டு, அது தொடைக் கால்வாய். கால்களிலிருந்து ரத்தம் அதிகமாகத் திரும்பும்போது சிரை விரிய வேண்டுமே, அதற்காக விடப்பட்ட இடம். அதில் கொழுப்பும் நிணநீர் முடிச்சும் மட்டும் இருக்கும். அதன் வாயை விரலால் தொட்டுப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும்: முன்னால் கவட்டைப் பிணைநார், பின்னால் பூப்பெலும்பின் மேல் ஒட்டிய கூப்பர் பிணைநார், உள்பக்கம் கத்தி விளிம்பு போன்ற ஜிம்பர்நாட் பிணைநார். விட்டுக்கொடுக்கக்கூடியது வெளிப்பக்கத்துச் சிரை மட்டும். இவ்வளவு கெட்டியான வளையத்துக்குள் குடல் நுழைந்தால் வெளியே வர வழியில்லை.

ஓர் ஆய்வில், கண்டுபிடித்த மூன்று மாதத்துக்குள் குடல் நெரிபடும் வாய்ப்பு தொடைக் குடலிறக்கத்தில் 22 விழுக்காடு, கவட்டைக் குடலிறக்கத்தில் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. தொடைக் குடலிறக்கத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வயதான மெலிந்த பெண்ணுக்கு வாந்தியும் வயிற்று வீக்கமும் என்றால் இரு தொடை இடுக்குகளையும் பார்த்தே ஆக வேண்டும். புடைப்பு மிகச் சிறியதாக இருக்கும், பலர் சொல்லவும் தயங்குவார்கள்.

பெண்களுக்கும் வருமா?

வரும். வாழ்நாளில் கவட்டைக் குடலிறக்கம் வரும் வாய்ப்பு ஆண்களுக்கு 27 விழுக்காடு, பெண்களுக்கு 3 விழுக்காடு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. தொடைக் குடலிறக்கம் பெண்களுக்கே அதிகம். ஆனாலும் பெண்களின் கவட்டையிலும் அதிகம் காணப்படுவது கவட்டைக் குடலிறக்கம்தான், தொடை வகை அல்ல. பெண் குழந்தைகளில் பைக்குள் சூற்பை இறங்கி, சிறு பாதாம் பருப்பு போல உருளும் கட்டியாகத் தென்படலாம்.

கனத்தைத் தூக்கியதால்தானே வந்தது?

அன்று வெளிப்பட்டது அதனால் இருக்கலாம். வழி அதற்கு முன்பே இருந்தது. ஒரு தடவை மூட்டை தூக்கியதற்காகத் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. சுவரின் வலு கொலாஜன் என்ற புரத இழைகளில் இருக்கிறது. முதல் வகைக் கொலாஜன் தடித்து உறுதியானது, மூன்றாம் வகை மெல்லியது. குடலிறக்கம் உள்ளவர்களின் திசுக்களில் மூன்றாம் வகையின் பங்கு கூடியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். வயது, குடும்ப வழி, எஹ்லர்ஸ்-டான்லோஸ் போன்ற இணைப்புத் திசு நோய்கள், புகைப்பழக்கம் எல்லாம் இந்த இழைகளைத்தான் கெடுக்கின்றன. நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், புராஸ்டேட் வீங்கி முக்கிச் சிறுநீர் கழிப்பது, வயிற்றில் நீர் கோத்திருப்பது ஆகியவை உள்ளிருந்து அழுத்துகின்றன. இவற்றைக் கவனிக்காமல் ஓட்டையை மட்டும் தைத்தால் தையலுக்கும் அதே அழுத்தம்தான். பலரும் நினைப்பதற்கு மாறாக, உடற்பருமன் கவட்டைக் குடலிறக்கத்தை அதிகமாக்குவதாகத் தெரியவில்லை.

காலையில் இல்லாத புடைப்பு மாலையில் தெரிகிறதே?

நிற்கும்போது குடலின் எடையும் வயிற்றின் அழுத்தமும் கவட்டையில் விழுகின்றன, படுத்தால் பை காலியாகிவிடும். அதனால் பரிசோதனைக்குப் போகும்போது நின்றபடி காட்ட வேண்டும். மாலையில் போனால் இன்னும் நல்லது.

மருத்துவர் கையாலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

நிற்க வைத்து இருமச் சொல்வார். இருமும்போது விரலுக்கடியில் புடைப்பு விரிந்து தள்ளினால் குடலிறக்கம். விரைப்பையில் வீக்கம் என்றால் அதன் மேல் எல்லையைப் பிடித்துப் பார்ப்பார். வீக்கத்துக்கு மேலே விரல்கள் சேர்ந்து விந்து நாணை மட்டும் பிடிக்க முடிந்தால் அது விரையிலேயே தோன்றிய வீக்கம். சேரவில்லை என்றால் மேலிருந்து இறங்கியது. பிறகு படுக்க வைத்துப் புடைப்பை உள்ளே அனுப்பி, உள்வளையத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தி மறுபடி இருமச் சொல்வார். வெளியே வராமல் நின்றால் இன்டைரக்ட், விரலுக்கு உள்பக்கம் எட்டிப் பார்த்தால் டைரக்ட். வகை பிரிப்பதில் இந்தச் சோதனை தவறுவதும் உண்டு. முழு உறுதி அறுவையின்போதுதான்.

ஸ்கேன் தேவையா?

புடைப்பு கண்ணுக்குத் தெரிந்தால் தேவையில்லை. வலி இருக்கிறது, புடைப்பு தெரியவில்லை என்றால் முக்கச் சொல்லி எடுக்கும் அல்ட்ராசவுண்ட். அதிலும் தெளிவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. விளையாட்டு வீரர்களுக்கு வரும் ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா என்பதில் பையே கிடையாது. அது தசையும் நாரும் எலும்பில் ஒட்டும் இடத்துக் காயம், பெயர்தான் குழப்புகிறது.

தொடை இடுக்கில் வரும் கட்டி எல்லாமே குடலிறக்கமா?

இல்லை. காலில் புண் இருந்தால் நிணநீர் முடிச்சு வீங்கும், அது படுத்தால் மறையாது. மேல்தோல் சிரை தொடைச் சிரையில் சேரும் இடத்தில் உப்பினால் அது இருமும்போது துள்ளும், படுத்தால் மறையும். தொடைக் குடலிறக்கத்தை அப்படியே ஒத்திருக்கும். இறங்காத விரை கவட்டையிலேயே நின்றுவிட்டால் அதுவும் கட்டியாகத் தெரியும். அந்தப் பக்க விரைப்பை காலியா என்று பார்த்தால் போதும்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் எவை?

வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு போகாமல் கெட்டியாகி, தொட்டால் வலித்தால். அதோடு வாந்தி, வயிறு உப்புதல், காற்றும் மலமும் போகாமை, காய்ச்சல், மேல்தோல் சிவத்தல் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. கழுத்து இறுகும்போது முதலில் நசுங்குவது மெல்லிய சுவருள்ள சிரைகள். ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போவதில்லை. குடல் வீங்குகிறது, வீங்குவதால் கழுத்து இன்னும் இறுகுகிறது, கடைசியில் தமனியும் அடைபடுகிறது. சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். வழியில் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம், மயக்க மருந்து தர வேண்டியிருக்கும்.

குடலின் முழுச் சுற்றளவும் சிக்காமல் சுவரின் ஒரு பகுதி மட்டும் சிக்கிக்கொள்வதற்கு ரிக்டர் குடலிறக்கம் என்று பெயர். அதில் மலம் வழக்கம்போலப் போய்க்கொண்டே இருக்கும், உள்ளே சுவர் செத்துக்கொண்டிருக்கும். மலம் போகிறதே என்று ஆறுதல் அடைந்துவிடக் கூடாது.

நானே உள்ளே தள்ளிவிடலாமா?

எப்போதும் எளிதாகப் போகிற, வலியில்லாத புடைப்பை, முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு மெதுவாக அனுப்பலாம். வலியோடு கெட்டியாக இருப்பதை ஒருபோதும் பலவந்தமாகத் தள்ளக் கூடாது. பை கழுத்தோடு சேர்ந்தே உள்ளே போய்விட்டால், வெளியே புடைப்பு மறைந்திருக்கும், உள்ளே குடல் அதே இறுக்கத்தில் கிடக்கும்.

உடற்பயிற்சியாலோ பெல்ட்டாலோ சரியாகுமா?

பெரியவர்களுக்கு ஓட்டை தானாக மூடாது. தசையைப் பலப்படுத்தலாம், சவ்வில் விழுந்த இடைவெளியைப் பயிற்சி தைக்காது. பெல்ட் புடைப்பை அமுக்கிப் பிடிக்கும், அவ்வளவே. குடல் வெளியே இருக்கும்போது மேலே கட்டினால் குடலையே நசுக்கும். தொடைக் குடலிறக்கத்துக்குப் பெல்ட் கூடவே கூடாது.

வலி இல்லை. அறுவை இப்போதே வேண்டுமா?

ஆண்களுக்கு, கவட்டைக் குடலிறக்கம், தொந்தரவு குறைவு என்றால் கவனித்துக் காத்திருக்கலாம். 2006-இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில் காத்திருந்தவர்களுக்குத் திடீரென்று சிக்கிக்கொண்டது ஆயிரம் பேருக்கு ஒரு வருடத்தில் இரண்டுக்கும் குறைவு. ஆனால் அவர்களைத் தொடர்ந்து பார்த்ததில் பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் அறுவைக்கு வந்துவிட்டார்கள், முக்கியமாக வலியால். ஆக, காத்திருப்பது பாதுகாப்பானது, அறுவையைத் தள்ளிப்போடுகிறது, பெரும்பாலும் தவிர்ப்பதில்லை. பெண்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது, உள்ளே இருப்பது தொடை வகையாக இருக்கக்கூடும்.

அறுவையில் என்ன செய்கிறார்கள்? வலை எதற்கு?

1887-இல் இத்தாலிய மருத்துவர் பாசினி பின்சுவரைத் தைத்துக் கட்டும் முறையை வெளியிட்டார். நூறு வருடம் அதுவும் அதன் வழிவந்தவையும்தான். குறை இழுவிசை. எட்டி இருக்கும் வளைவைப் பிணைநாரோடு இழுத்துத் தைத்தால் தையல் திசுவை அறுக்கும். 1980-களில் அமெரிக்க மருத்துவர் லிச்டென்ஸ்டைன் எதையும் இழுக்காமல் ஓட்டையின் மேல் செயற்கை வலையைப் போர்த்தினார். ஏறக்குறைய 7-க்கு 15 செ.மீ. வலை, பூப்பெலும்பு முடிச்சையும் தாண்டி 2 செ.மீ. போக வேண்டும். மறுபடி குடலிறக்கம் வருகிற இடம் பல நேரம் அந்த முடிச்சின் ஓரம்தான், அங்கே வலை போதாமல் விட்டிருப்பார்கள்.

சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் வலை சுவரின் உட்பக்கம் போகிறது, குறைந்தது 10-க்கு 15 செ.மீ. ஃப்ரூஷோ சொன்ன வாசல் முழுவதையும் அது மூடுவதால் இன்டைரக்ட், டைரக்ட், தொடை என்ற மூன்று வகைக்கும் ஒரே தடுப்பு. இரு பக்கமும் உள்ளவர்களுக்கும், முன்பு திறந்த அறுவை செய்து மறுபடி வந்தவர்களுக்கும், பெண்களுக்கும் இதுவே பொருத்தம்.

அறுவைக்குப் பிறகும் வலி இருக்குமா?

நூற்றில் பத்துப் பேர் அளவில், மூன்று மாதத்துக்கு மேலும் அன்றாட வேலையைத் தொந்தரவு செய்யும் வலி இருக்கிறது. காலம் போகப்போகக் குறையும். மூன்று நரம்புகள் அறுவை நடக்கும் இடத்திலேயே ஓடுகின்றன. அவற்றில் ஒன்று தையலில் மாட்டினாலோ வலைத் தழும்பில் இறுகினாலோ எரிச்சலும் மரத்துப்போதலும் வரும். அன்றே எழுந்து நடக்கலாம். வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளுக்குச் சில நாளில் திரும்பலாம். கனமான வேலைக்கு எத்தனை வாரம் என்பதை அறுவை செய்தவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்கும் வலை வைப்பார்களா?

வைப்பதில்லை. குழந்தையின் சுவரில் பலவீனம் இல்லை, மூடாத வழி மட்டுமே. பையைக் கழுத்திலேயே கட்டி வெட்டிவிட்டால் போதும். கைக்குழந்தையில் கால்வாய் மிகக் குட்டை, உள்வளையமும் வெளிவளையமும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஆனால் காத்திருக்கக் கூடாது. முதல் வயதில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம், சிக்கினால் குடலோடு அந்தப் பக்க விரையின் ரத்த ஓட்டமும் நசுங்கும். அழும்போது தொடை இடுக்கில் புடைப்பு வந்து, தூங்கும்போது மறைந்தால், புடைத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்தப் படமே பாதி வேலையை முடித்துவிடும்.